கறிவேப்பிலைத் தொட்டியில் ஜெனரல்

கையில் நோயாளியை வைத்துக்கொண்டு முருங்கைக்காய் வாங்கப் போகாதீர்கள். என் முதல் பாடம் இதுதான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். அன்றைக்கு ரூ காய் தெருவில் நின்று "சேசு மரி சூசை!" என்று நான் கத்திய கத்தலைக் கேட்டிருந்தால் உங்களில் ஒருவர்கூட இந்தத் தொழிலுக்கு வந்திருக்கமாட்டீர்கள்.

நம் தமிழ்ப் பிள்ளைகள் இத்தனை பேர் பாரிசில் பிராணி வைத்தியசாலைகளில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பதுகளில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வைத்தியசாலையில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது, "நாய்க்கு உண்ணி எடுக்கிற வேலையாடி பிலோமின்?" என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம், அதனால் நானும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்க வேண்டுமாம். எனக்கென்னவோ காகிதத்தைக் கண்டால் கொட்டாவி வரும். நாக்கை நீட்டுகிற பிராணியைக் கண்டால் தூக்கம் பறந்துவிடும்.

ஊசி போடுவது, கூண்டு கழுவுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஒன்றும் புரியாத நேரத்தில், பத்துப் பேர் காதுக்குள் கத்திக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. அதற்காகத்தான் இந்த வெள்ளிக்கிழமைக் கதை.

ஜெனரல் ஒரு பச்சோந்தி. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு நண்பர் முசியே பெர்னாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது அதற்கெல்லாம் ஆயிரம் சட்டம் உண்டு, அப்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். முசியே பெர்னார் லீல் பக்கம் போகும் ரயிலின் ஓட்டுநர். பெரிய மீசை, பெரிய குரல், பெரிய கை. ஒரு கண்ணால் வலது பக்கமும் மறு கண்ணால் இடது பக்கமும் பார்த்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல நடந்ததால் அந்தப் பெயரை வைத்தாராம். "ஒரே வீட்டில் நீயும் ராணுவமும் இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மனுஷனுக்கு மிஞ்சியது ஜெனரல் ஒருவர்தான்.

அந்த ஆகஸ்டில் ஜெனரல் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். முசியே பெர்னார் கூண்டை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பெரிய மனிதர், குழந்தை மாதிரி விம்மினார். வெள்ளிக்கிழமை மாலைவரை அவருக்கு வண்டியில் வேலை. "மதாம், நான் திரும்பி வரும்போது இவன் உயிரோடு இருப்பானா?" என்று என்னைக் கேட்டார். இருப்பான் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளா, அப்படிச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் பிறகு நமக்குத்தான் தூக்கம் வராது.

எங்கள் டாக்டர் ஜெனரலின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கனமாக இருந்தது. மலச்சிக்கலாக இருக்கும், சூடு குறையாமல் பார்த்துக்கொள், தண்ணீர் தெளி, தின்றால் கொடு என்றார். அவர் கை பட்டால் நாயும் பூனையும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடும். பச்சோந்தி மட்டும் அவருக்குப் புதிது. அன்றைக்குப் பாரிசில் யாருக்குத்தான் அது பழக்கம்? அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழப்பமான நோயாளி வந்தால், மேலங்கியின் இரண்டு பைகளுக்குள்ளும் கையை விட்டுக்கொண்டு சும்மா நிற்பார். "கை வெளியே இருந்தால் அது ஏதாவது செய்துவிடும் பிலோமின்" என்பார். இதைச் சொல்லிவிட்டு அவர் வக்கான்ஸ் என்று கடற்கரைக்கு விடுமுறை போய்விட்டார். போன இடத்தில் தொலைபேசி கிடையாது.

நான் என்ன செய்தேன்? நம் சனம் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். எதிரில் ஓர் உயிர் சாப்பிடாமல் இருந்தால் நமக்குப் பொறுக்குமா? "ஒரு வாய்டா ராஜா, ஒரே ஒரு வாய்" என்று கொஞ்சிக்கொண்டு இடுக்கியில் சில்வண்டைப் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டினேன். ஜெனரல் ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் சுவரையும் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்து சீறினார். கல்யாணப் பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்பவர் இலையில் சாம்பார் ஊற்றுகிற ஆள் மாதிரி நான் விடவேயில்லை. அவர் கிளையை விட்டு இறங்கிக் கூண்டின் தரையில் நடப்பார், மூலையில் காகிதத்தைச் சுரண்டுவார். ஐயோ பாவம், பலவீனத்தில் விழுந்துவிட்டார் என்று நான் தூக்கிக் கிளையில் வைப்பேன். மறுபடி இறங்குவார். மறுபடி தூக்கி வைப்பேன். யார் பிடிவாதக்காரர் என்று பார்த்தால் நான்தான்.

மாதா திருநாள் விடுமுறைக்காக வெள்ளிக்கிழமை நண்பகலோடு வைத்தியசாலையைப் பூட்ட வேண்டியிருந்தது. ஜெனரலைத் தனியே விடமுடியுமா? மூடிபோட்ட பிரம்புக் கூடைக்குள் ஒரு கிளையைக் குறுக்கே கட்டி, அதில் அவரை ஏற்றி, பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற ஊரில் இருந்த என் வீட்டுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டேன். நேராக ரயிலேறியிருக்க வேண்டும். ஆனால் திருநாளுக்கு வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் என்று பேச்சு. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல் வழியாகப் போகிற தமிழச்சி, வெள்ளிக்கிழமை, மரக்கறி வந்திறங்கும் நாள். கால் தன்னாலே ரூ காய் பக்கம் திரும்பிவிட்டது.

சின்னத்துரை அண்ணனின் கடைக்குள் அன்றைக்கு முழங்கை குத்தாமல் நிற்க இடமில்லை. அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உடம்பு, நெற்றியில் பட்டையாக விபூதி. வெள்ளிக்கிழமை என்பதால் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கும் சாம்பிராணிப் புகையும். கடையின் உள் மூலையில், ஜன்னல் ஓரமாக, பெரிய மண் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். பாரிஸ் குளிரில் அந்தச் செடியை அவர் இடுப்புயரம் வளர்த்தது தெருவுக்கே தெரிந்த செய்தி. "வாசம் பாருங்கோ, கை வைக்காதேங்கோ" என்பது சட்டம். தன் மனைவியைக்கூட ஓர் இலை கிள்ள விட்டதில்லை.

"உதுக்குள்ளை என்ன தங்கச்சி? மீனே?" என்று கூடையைக் காட்டிக் கேட்டார்.

"நோயாளி அண்ணே. சாப்பிட மாட்டேங்குது. உங்க கடையில பூச்சி ஏதாவது கிடைக்குமா? அரிசி மூட்டையில இருக்குமே."

கேட்டிருக்கக்கூடாது. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ரை அரிசியிலை பூச்சியோ? ஒரு பூச்சி, ஒரேயொரு பூச்சி காட்டும் பாப்பம். கடையையே எழுதித் தாறன்!"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனைச் சமாதானப்படுத்த, நோயாளி யாரென்று காட்டலாமே என்று கூடையின் மூடியைத் திறந்தேன். பக்கத்துப் புடவைக் கடை மங்கை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ கடவுளே, ஓணான்!" என்று அலறினார். "ஓணான் இல்லக்கா, பச்சோந்தி" என்றேன் பெருமையாக. அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒருவர் நல்ல முருங்கைக்காயாகப் பார்த்துப் பொறுக்குவதைக் கண்டேன். எனக்கு மிஞ்சாதே என்ற பதற்றத்தில் திரும்பி நாலைந்து காயை முறுக்கிப் பார்த்து எடுத்தேன். திரும்பினால் கூடை காலி.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்ததை என்னவென்று சொல்வது! ஒருவர் காலை ஒருவர் மிதிக்க, எல்லோரும் குனிந்து, நிமிர்ந்து, மேசைக்கடியில் ஊர்ந்து தேடினோம். பச்சோந்தி என்றால் பச்சைக்குள் பச்சையாக இருக்கும் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆகவே எல்லோரும் பச்சையில் தேடினோம். கீரைக்கட்டைப் பிரித்தோம். புடலங்காயைத் தூக்கிப் பார்த்தோம். வாழைக்குலையைச் சுற்றிவந்தோம். ஒரு பெரியவர் "பிடிச்சிட்டன், பிடிச்சிட்டன்!" என்று கூவினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது ஒரு பாகற்காய். நான் "சேசு மரி சூசை!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது அந்த நேரத்தில்தான்.

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சோந்தி உங்கள் சுவரின் நிறத்துக்கு மாறுவதில்லை. தன் மனசின் நிறத்துக்கு மாறும். பயம், குளிர், கோபம், வயிற்றுப் பாரம் எல்லாம் அதன் தோலில் தெரியும். இதை நான் வைத்தியசாலையில் தினமும் பார்த்தவள்தான். ஆனால் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து கூச்சலில் இறங்கியவுடன் எனக்கும் எல்லாம் மறந்துபோய்ப் புடலங்காயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவர் சின்னத்துரை அண்ணன்.

"என்ரை கருவேப்பிலை! ஐயோ, ஆரோ மண்ணை அள்ளி எறியினம்!"

தொட்டியின் மண்மேல் ஜெனரல். பச்சையாவது ஒன்றாவது! கறுப்பாக, மஞ்சள் பொட்டுகளோடு, அதுவரை நான் பார்க்காத நிறத்தில் இருந்தார். முன்காலால் மண்ணைத் தோண்டிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார். அண்ணன் கழுவித் துடைத்த தரையெல்லாம் மண். "விடு, விடு" என்று அண்ணன் கையை நீட்டிப் பாய, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே அந்தக் கணத்தில் தெரியாது.

அப்புறம்தான் மண்டைக்குள் ஒவ்வொன்றாக விழுந்தது. கனமான வயிறு. சாப்பாடு வேண்டாம். கிளையைவிட்டு இறங்கி இறங்கி மூலையைச் சுரண்டியது. முந்தின வருஷம் எங்களிடம் ஓர் ஆமை வந்தது. அதுவும் இப்படித்தான் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்து, மண் கிடைக்காமல், முட்டை வயிற்றிலேயே தங்கிச் செத்துப்போனது. நானும் டாக்டரும் அன்றைக்கு மேசையில் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"அடக் கடவுளே, இது ஆம்பளையே இல்ல!" என்று கத்திவிட்டேன். "அண்ணே, பிள்ளைத்தாச்சி!"

"ஆர்?"

"ஜெனரல்!"

சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவதுபோல, துணையில்லாமல் வளரும் பெண் பச்சோந்தியும் முட்டை வைக்கும். அது குஞ்சு பொரிக்காது, ஆனாலும் வெளியே வந்தாக வேண்டும். ஈரமான ஆழ மண் வேண்டும், மறைவு வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தோண்டுவதை நிறுத்திவிடும். நிறுத்தினால் அந்த ஆமையின் கதிதான். பாவம், அவர் எத்தனை நாளாக என்னிடம் மண் கேட்டிருக்கிறார், நான் சில்வண்டு ஊட்டிக்கொண்டிருந்தேன்! இப்போது ஊர் முழுக்கத் தொட்டியைச் சுற்றிக் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஜெனரல் தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணால் மங்கை அக்காவையும் மறு கண்ணால் பாகற்காய்ப் பெரியவரையும் பார்த்தார்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடு என்றார் ஒருவர். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார் இன்னொருவர். பெருங்காயம் கரைத்து ஊற்றச் சொன்ன ஆளும் உண்டு. தூக்கவா, விடவா? என் கை இரண்டும் தாமாகவே தொட்டியை நோக்கி நீண்டன. சட்டென்று டாக்டர் நினைவு வந்தது. கையை இழுத்து, கழற்றாமலே வந்திருந்த வேலை மேலங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டேன். நல்ல இடத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். நாம் செய்ய வேண்டியது வெளியே போவது ஒன்றுதான்.

"எல்லாரும் வெளிய போங்க! அண்ணே, கடையைச் சாத்தணும். அந்தச் சாம்பிராணியையும் அணைச்சிடுங்க, புகை அதுக்கு ஆகாது."

"உமக்கென்ன விசரே?" என்றார் அண்ணன். "வெள்ளிக்கிழமை! சனம் முழுக்க இனித்தான் வரும். கடையைப் பூட்டச் சொல்லுறீர். சாமிக்குக் காட்டின புகையையும் அணைக்கச் சொல்லுறீர். பேந்து என்னையும் வெளியிலை போகச் சொல்லுவீர்!"

"ஆமாண்ணே. நீங்களும் வெளிய போகணும்."

அண்ணன் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாமிப் படத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் செடி அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியாதா?

மங்கை அக்காதான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைச்ச இடத்துக்குத் தேடிவந்த பிள்ளைத்தாச்சியை ஆரும் வெளியிலை கலைக்கிறவையே? உங்கடை அம்மா கலைச்சிருப்பாவோ?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை நம் சனத்தில் யாராலும் தட்டமுடியாது. வேறு எந்தத் தெருவில் எந்த வைத்தியம் பேசியிருந்தாலும் கடைக் கதவைச் சாத்தியிருக்கமாட்டார்கள். அண்ணன் போய்ச் சாம்பிராணியை அணைத்தார்.

"சரி, அவ பெறட்டும்" என்றார். அதுவரை அது, இது என்றவர், அந்த நிமிஷத்திலிருந்து "அவ" என்றுதான் சொன்னார்.

மறைப்புக்கு மங்கை அக்கா தன் கடையிலிருந்து புடவை எடுத்து வர ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்து, "தங்கச்சி, அவவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டார். எந்த நிறமானாலும் கெதியாக் கொண்டுவாங்கோ என்று அவர் பாஷையிலேயே கத்தினேன். மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூக் கரை போட்ட புடவை வந்தது. அதைத் தும்புத்தடியில், அதுதான் துடைப்பக் கம்பில், கோத்து, இரண்டு அலமாரித் தட்டுகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டோம். அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

கடை தெருவுக்கு இடம் மாறியது. கத்தரிக்காய்ப் பெட்டி, வெண்டிக்காய்ப் பெட்டி, தேங்காய், ஓர் அரிசி மூட்டை எல்லாம் நடைபாதையில். வாங்க வந்த சனத்துக்கு அண்ணன் வாயில் விரலை வைத்து, "மெல்லக் கதையுங்கோ, உள்ளுக்கை பிரசவம்" என்றார். சத்தம் போடாமல் பேரம் பேசுகிற தமிழர்களை ரூ காய் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருக்கும். "வெண்டிக்காய் பிஞ்சோ?" என்று ஒருவர் காதுக்குள் கேட்க, "ஓம், நல்ல பிஞ்சு" என்று அண்ணன் காதுக்குள் சொல்ல, பக்கத்தில் வந்துபோன பிரெஞ்சுக்காரர்களும் ஏனென்று தெரியாமலே நுனிக்காலில் நடந்தார்கள்.

நான் அண்ணனின் தொலைபேசியை வாசல்வரை இழுத்துவந்து கார் து நோரில் ஓட்டுநர்கள் அறைக்குப் பேசினேன். முசியே பெர்னார் வண்டியோடு வந்ததும், ஜெனரலுக்குப் பிரசவ வலி, உடனே ரூ காய்க்கு வரவும் என்று சொல்லச் சொன்னேன். "எந்த ஜெனரல், மதாம்?" என்று கேட்டார்கள். "சாப்பிடாத ஜெனரல்" என்றேன்.

இதற்குள் செய்தி தெருமுனைவரை போய், போன வழியில் கொழுத்துவிட்டது. யாரோ ஒரு நல்ல மனுஷி கடைக்குள் ஒரு பெண் தனியே துடிக்கிறாள் என்று தொலைபேசியில் சொல்லிவிட, பொம்பியே வந்துவிட்டார்கள். தீயணைப்பும் அவர்கள்தான், பிரசவமும் அவர்கள்தான், உங்களுக்குத் தெரியுமே. தலைக்கவசம், தூக்குப்படுக்கை, எல்லாம் தயார். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"தாய் எங்கே, மதாம்?"

"செடித் தொட்டியில்."

அந்த இளைஞர் என்னைத்தான் தூக்குப்படுக்கையில் ஏற்றலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கூட வந்தவருக்குச் சிரிப்பு வெடித்தது. சிரிக்காதீர்கள், சத்தம் கேட்டால் ஜெனரல் தோண்டுவதை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் செத்துவிடுவார் என்று நான் சொன்னவிதத்தில் இரண்டு பேரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒருமுறை எட்டிப் பார்க்கலாமா என்று கெஞ்சினார்கள். கூடாது என்றேன். போகும்போது ஆளுக்கொரு மாம்பழம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெயில் தாழத் தொடங்கியபோது உள்ளே சுரண்டல் சத்தம் நின்றுபோனது. வாசலில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் முசியே பெர்னார் சீருடையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார், தொப்பி கையில்.

"செத்துவிட்டானா?"

"தெரியவில்லை முசியே. ஆனால் முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவன் இல்லை, அவள்."

மனுஷன் அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். விளக்கிச் சொன்னேன். மீசை ஆடியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நான் விடவில்லை. "என் ஜெனரல், மதாம்!" என்றார். "அதனால்தான்" என்றேன்.

பிள்ளைகளா, அந்தக் காத்திருப்பு இருக்கிறதே! முட்டை வைத்துக்கொண்டிருந்தாலும் சத்தம் வராது, குழிக்குள் செத்துக் கிடந்தாலும் சத்தம் வராது. திரையை விலக்கி ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்ததாலேயே கெட்டுப்போகவும் கூடும். இருப்பான் என்று நான் வாக்குக் கொடுத்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் முசியே பெர்னாரின் கைகளும் பைக்குள் இருந்தன. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையாரை முணுமுணுத்தார், நான் மாதாவை. மங்கை அக்கா யாருக்கும் குறை வைக்காமல் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

மறுபடி சுரண்டல் கேட்டது. இந்த முறை வேறு மாதிரி, மெதுவாக, இழுத்து இழுத்து. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முட்டை வைத்துப் பிழைத்த ஆமைகள் மண்ணைத் தள்ளும் சத்தம் அது.

"மூடுறா! அண்ணே, அவ குழியை மூடுறா! பெத்துட்டா!"

வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். நான் குதித்தேன், மங்கை அக்கா குதித்தார், அந்தப் பெரிய மீசையும் குதித்தது. மெதுவாகக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றோம். புடவையின் கரை அசைந்தது. கத்தரிப்பூ நிறத்துக்கு மேலே ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், அப்புறம் மூக்கில் மண்ணோடு ஜெனரல். வயிறு ஒட்டிப்போய், தோல் தொங்கி, ஆனால் மெல்ல மெல்லப் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. புடவையின் உச்சிவரை ஏறி நின்று, ஒரு கண்ணால் எங்களையும் மறு கண்ணால் கடையையும் பார்வையிட்டார். முசியே பெர்னார் வெட்கமில்லாமல் அழுதார். நானும்தான்.

முதலில் தண்ணீர். கிண்ணத்தில் வைத்தால் பச்சோந்தி குடிக்காது, துளியாக விழுந்தால்தான் குடிக்கும். சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் வெற்றிலைக்குத் தெளிக்கிற செம்பை எடுத்துவந்து, விரலால் செடியின் இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தெளித்தார். ஜெனரல் இலையிலிருந்து குடித்தார், குடித்தார், குடித்துக்கொண்டேயிருந்தார்.

வெளியிலிருந்த அரிசி மூட்டையை உள்ளே கொண்டுவந்து வைத்தோம். முசியே பெர்னார் உட்கார்ந்து நசுக்கிய மூட்டை அது, வாய் கொஞ்சம் அவிழ்ந்திருந்தது. அதிலிருந்து ஓர் அந்துப்பூச்சி படபடவென்று பறந்து புடவைமேல் வந்து உட்கார்ந்தது. ஜெனரலின் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. அடுத்த கணம் நாக்கு போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பூச்சியைக் காணோம். ஜெனரல் மென்றுகொண்டிருந்தார்.

மங்கை அக்காதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணை, கடையை இப்பவே எழுதிறியளோ, இல்லாட்டித் திருநாள் முடிஞ்சோ?"

"அது... அது வெளியிலையிருந்து வந்த பூச்சி!" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த மூலைக் கட்டிடமே ஆடியிருக்கும். முசியே பெர்னாருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

ஜெனரலைத் தன் தொப்பிக்குள் வைத்து, கையால் மூடிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் புறப்பட்டார். பெயரை மாற்றப்போவதில்லை என்றார். பெண்கள் ஜெனரலாக இருந்தால் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நானும் காலிக் கூடையை எடுத்துக்கொண்டேன். "கொஞ்சம் நில்லும் தங்கச்சி" என்றார் அண்ணன். தொட்டியருகே போனார். மண்ணெல்லாம் தரையில், வேர் பாதி வெளியே, செடி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள், மனைவியைக்கூடக் கிள்ள விடாத மனிதர், தன் கையாலேயே ஒரு கொத்தை முறித்து என் கூடைக்குள் போட்டார்.

"இது மருத்துவிச்சிக்கு" என்றார்.

பொண்டி ரயில் முழுக்கக் கறிவேப்பிலை மணத்தது. வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, முருங்கைக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.